கரைமேல் நின்றவர்கள்

1927ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 21ஆம் தேதி காலை, அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள மிசிசிப்பி மாகாணத்தில், கிரீன்வில் என்ற ஊருக்கு வடக்கே சில மைல் தொலைவிலுள்ள மவுண்ட்ஸ் லாண்டிங் என்னுமிடத்தில், இரவு முழுவதும் மணல்மூட்டை சுமந்து மிசிசிப்பி ஆற்றின் கரையை உயர்த்திக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கான கறுப்பின உழைப்பாளர்களின் காலடியிலேயே அந்தக் கரை நெகிழ்ந்து, அசைந்து, உடைப்பெடுத்தது. அவர்களுள் பலர் தாமாக வந்தவரல்லர். துப்பாக்கி ஏந்தியவர்கள் பண்ணைகளிலிருந்தும் தெருக்களிலிருந்தும் திரட்டிக்கொண்டு வந்து கரையில் நிறுத்தியவர்கள். உடைப்பு ஏறக்குறைய முக்கால் மைல் அகலத்துக்கு விரிந்தது. கரைமேல் மூட்டையும் கையுமாக நின்றவர்களில் ஓடித் தப்பியவர் போக மற்றவர்களை நீர் வாரிக்கொண்டு போயிற்று.

எத்தனை பேர் மாண்டனர்? கரைக்காவலுக்கு வந்திருந்த தேசியக் காவற்படையின் அதிகாரி, தம்முடைய வீரர்களுள் ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை என்று எழுதிவைத்தார். வீரரல்லாத மற்றவர்கள் எத்தனை பேர் பிரவாகத்தோடு போனார்கள் என்பதை அவர் எழுதவில்லை. நூற்றுக்கு மேற்பட்டோர் என்று கண்டவர்கள் சொன்னார்கள். பத்திரிகையாளரிடம் அகதிகள் இன்னும் பெரிய எண்ணைக் கூறினார்கள். கரையைக் காக்க அழைத்து வரும்போது தலை எண்ணியவர்கள், கரை போன பிறகு எண்ணவில்லை. அந்த வருஷத்து வெள்ளத்தில் நிகழ்ந்த அநீதிகளுள் இது ஒன்று; மற்றவை பின்னால் வந்தன.

இயற்கையின் சீற்றம் என்று நாம் சொல்லும்பொழுது, பழி யார்மேலும் விழாதபடி ஒரு வார்த்தையைப் பிரயோகிக்கிறோம். மழை பெய்வது மனிதன் செயலன்று. ஆனால் பெய்த மழை எந்த வழியாக ஓடவேண்டும், எவருடைய நிலத்தில் தேங்கவேண்டும், தேங்கிய இடத்திலிருந்து யாரைப் படகேற்றவேண்டும், யாரை அங்கேயே விட்டுவைக்கவேண்டும், எல்லாம் முடிந்தபின் குற்றம் யாருடையது என்று தீர்ப்புக் கூறவேண்டும் என்பனவெல்லாம் மனிதர்கள் கூடி நிச்சயித்தவை. மிசிசிப்பி வெள்ளத்தின் சரித்திரத்தை அந்த நிச்சயங்களின் சரித்திரமாகப் படிப்பதே நியாயமான படிப்பு.

மிசிசிப்பி சாமானியமான ஆறு அன்று. அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலான அமெரிக்க நிலப்பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கு பிரதேசத்தின் மழைநீர், முப்பத்தொரு மாகாணங்களிலிருந்தும் கனடாவின் இரண்டு மாகாணங்களிலிருந்தும் கிளைநதிகளாகத் திரண்டு, கடைசியில் அந்த ஒரே ஆற்றில் வந்து கலந்து, நியூ ஆர்லியன்ஸ் நகரத்தைக் கடந்து கடலில் சேர்கிறது. ஆதிகாலந்தொட்டு வெள்ளப்பெருக்கில் கரைபுரண்டு பரவி, வண்டலைக் கொட்டிவிட்டு வடிவதே அந்த ஆற்றின் சுபாவம். அந்த வண்டலே அதன் இருமருங்கிலும் உள்ள மண்ணை உலகத்தின் சிறந்த பருத்தி நிலங்களுள் ஒன்றாக்கியது. அந்த நிலத்தில் குடியேறியவர்கள் வண்டலை விரும்பினார்கள், வெள்ளத்தை விரும்பவில்லை. ஆகவே ஆற்றின் இருபுறமும் மண்ணால் உயர்ந்த கரைகளை எழுப்பத் தொடங்கினார்கள். லெவி என்று அவர்கள் அழைக்கும் இந்தக் கரைகளே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு சித்தாந்தமாக மாறின.

ஏரி கட்டத் தெரிந்த நம் முன்னோர், கரையை எவ்வளவு உயர்த்தினாலும் மிகுநீர் வெளியேறுவதற்குக் கலிங்கு ஒன்று வைக்காமல் விட்டதில்லை. கலிங்கு இல்லாத ஏரிக்கு உடைப்பே கலிங்கு என்பது நம் கிராமத்து நீர்க்கட்டியும் அறிந்த சாஸ்திரம். சார்லஸ் எல்லெட் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1850-களிலேயே, கரைகளை மட்டும் நம்பினால் ஆற்றின் மட்டம் உயர்ந்துகொண்டே போகும், நீர்த்தேக்கங்களும் வடிகால்களும் வேண்டும் என்று எழுதினார். ஆனால் ராணுவப் பொறியாளர் குழுவும் 1879இல் நிறுவப்பெற்ற மிசிசிப்பி ஆற்றுக் கமிஷனும், காலப்போக்கில் இயற்கையான வடிகால்களை அடைத்து, கரைகள் மட்டுமே போதும் என்ற கொள்கையைப் பிடிவாதமாக அனுசரித்தன. 1926ஆம் வருஷத்து ஆண்டறிக்கையில் ராணுவப் பொறியாளர் தலைவர், வெள்ளத்தால் இனி நாசமில்லை என்று பொருள்படும்படி உறுதி கூறினார். அந்த வருஷம் ஆகஸ்டிலேயே மழை தொடங்கிவிட்டது. ஒரு வருஷம் நிறைவதற்குள் ஏறக்குறைய 27,000 சதுர மைல் பரப்பு நீரில் மூழ்கியது. ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வீடிழந்தார்கள்.

மூழ்கியவற்றுள் முதன்மையானது, யாஸூ ஆற்றுக்கும் மிசிசிப்பி ஆற்றுக்கும் இடைப்பட்ட, டெல்டா என்று அந்நாட்டார் அழைக்கும் பருத்திச் சீமை. அங்கு வாழ்ந்த ஜனங்களில் பெரும்பான்மையோர் கறுப்பின மக்கள். அடிமைமுறை ஒழிந்து அறுபது வருஷங்கள் ஆகியிருந்தபோதிலும் நிலம் அவர்கள் கைக்கு வரவில்லை. அவர்கள் வாரக்குடிகளாக இருந்தார்கள். நிலமும் கலப்பையும் கோவேறு கழுதையும் பண்ணையாருடையவை, உழைப்பு குடியானவனுடையது, விளைந்த பருத்தியில் பாதி அவனுக்கு என்பது ஏட்டில் உள்ள கணக்கு. ஆனால் விதைப்புக்காலம் தொட்டு அறுவடை வரையில் சாப்பாட்டுக்கும் துணிக்கும் மருந்துக்கும் பண்ணைக் கடையில் கடன் வாங்கியாக வேண்டும். விலையை எழுதுபவர் பண்ணையார், வட்டியைப் போடுபவர் பண்ணையார், பருத்தியை எடைபோட்டு விற்பவரும் பண்ணையாரே. வருஷக் கடைசியில் கணக்குத் தீர்க்கும்பொழுது குடியானவனுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் அடுத்த வருஷத்துக் கடன்தான். கடன் தீராமல் வெளியேற முடியாது. இத்தகைய ஏற்பாட்டில் பண்ணையாருக்கு நிலத்தினும் அருமையான சொத்து, நிலத்தை விட்டுப் போகாத உழைப்பாளியே. நிலத்தை வெள்ளம் கொண்டுபோகாது. வடிந்தபின் நிலம் அங்கேயே இருக்கும். உழைப்பாளி போய்விட்டால் திரும்புவான் என்ற உறுதி இல்லை. அடுத்து நடந்தவற்றுக்கெல்லாம் திறவுகோல் இந்த ஒரு பயம்.

கிரீன்வில் நகரத்தின் பெருந்தனக்காரர் லிராய் பெர்சி. அமெரிக்க செனட் சபையில் அங்கத்தினராக இருந்தவர். பல ஆயிரம் ஏக்கர் நிலத்துக்கு அதிபர். 1922இல் கூ கிளக்ஸ் கிளான் என்ற நிறவெறிக் கூட்டம் அவ்வூரில் காலூன்ற முயன்றபோது, பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று அதை எதிர்த்துப் பேசித் துரத்தியவரும் அவரே. ஆகவே அவர் கொடியவர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவதற்கில்லை. அவருடைய புதல்வர் வில்லியம் அலெக்சாந்தர் பெர்சி ஒரு கவிஞர். மென்மையான உள்ளம் படைத்தவர். வெள்ளம் வந்தவுடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் உள்ளூர் நிவாரணக் கமிட்டிக்கு அவரே தலைவரானார்.

நகரத்துக்குள் நீர் புகுந்துவிட்டது. வெள்ளையர்களில் வசதியுள்ளோர் மாடிகளிலும் ஹோட்டல்களிலும் காரியாலயங்களின் மேல்தளங்களிலும் தங்கினார்கள். கறுப்பின மக்களுக்கு எஞ்சிய உலர்ந்த இடம் ஆற்றின் கரை ஒன்றே. உச்சியில் சில அடி அகலமே உள்ள அந்த மண்மேட்டில், ஒருபுறம் கொந்தளிக்கும் ஆறு, மறுபுறம் கடல்போல் விரிந்த வெள்ளம், தலைக்குமேல் மழை என்ற நிலையில், எட்டு மைல் நீளத்துக்கு ஏறக்குறைய 13,000 பேர் வரிசையாக ஒண்டிக்கொண்டிருந்தார்கள். கிடைத்த சாக்கையும் பாயையும் கம்பில் கட்டி நிழல் செய்துகொண்டார்கள். கழுதைகளும் மாடுகளும் பன்றிகளும் அவர்களுக்கிடையிலேயே நின்றன. இளைய பெர்சி இந்த நிலையைக் கண்டு, இவர்கள் எல்லோரையும் நீராவிக் கப்பல்களில் ஏற்றித் தெற்கேயுள்ள விக்ஸ்பர்க் நகரத்து முகாம்களுக்கு அனுப்பிவிடுவது என்று தீர்மானித்து, கப்பல்களையும் வரவழைத்துவிட்டார்.

கப்பல்கள் கரையருகே வந்து நின்றன. தகப்பனாரோ மகனிடம் சென்று, இதைத் தனியாகத் தீர்மானிக்காதே, கமிட்டியாரைக் கலந்து ஆலோசித்துக்கொள் என்று மிருதுவாகச் சொன்னார். முன்பு தம்மோடு ஒத்துக்கொண்டவர்களே ஆதலால் மகன் தைரியமாகக் கமிட்டியைக் கூட்டினார். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் எதிர்த்தார்கள். காரணம் விளங்காமல் திகைத்து, வேறு வழியின்றி அவர் தம் உத்தரவை ரத்துசெய்தார். கரைமேல் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, கப்பல்கள் சில வெள்ளைக் குடும்பங்களை மட்டும் ஏற்றிக்கொண்டு பெரும்பாலும் காலியாகவே நகர்ந்தன. கமிட்டி கூடுவதற்கு முன்னால் தம் தகப்பனாரே ஒவ்வொரு அங்கத்தினரையும் தனித்தனியாகச் சந்தித்து, உழைப்பாளிகளை அனுப்பிவிட்டால் திரும்ப மாட்டார்கள், பருத்திச் சாகுபடி அழிந்துபோகும் என்று பேசி மனத்தை மாற்றினார் என்ற உண்மை, 1929இல் தகப்பனார் இறந்தபின்தான் மகனுக்குத் தெரிந்தது. 'லாண்டர்ன்ஸ் ஆன் தி லெவி' என்று 1941இல் வெளியிட்ட தம் நினைவு நூலில் மகனே இதை எழுதியிருக்கிறார்.

அதன்பின் அந்தக் கரை நிவாரண முகாமாகவும் இருந்தது, சிறைச்சாலையாகவும் இருந்தது. துப்பாக்கியோடு காவற்படையினர் சுற்றிலும் நின்றார்கள். அனுமதியின்றி உள்ளே வரவோ வெளியே போகவோ முடியாது. கறுப்பின ஆண்மக்கள், தாம் எந்தப் பண்ணையைச் சேர்ந்தவர், என்ன வேலை செய்பவர் என்பதைக் காட்டும் அட்டையைச் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும்; அட்டையில்லாதவருக்கு உணவுப் பங்கீடு இல்லை. நாடெங்கும் உள்ள புண்ணியவான்கள் நன்கொடையாக அனுப்பிய உணவை, படகிலிருந்து கூலியின்றி இறக்கிச் சுமந்தவர்கள் அவர்களே. அவ்வாறு சுமந்ததற்குக் கைம்மாறாகவே அந்த உணவு அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. டப்பாவில் அடைத்த பீச் பழங்கள் வந்தபோது அவை வெள்ளையருக்கு மட்டும் பகிரப்பட்டன. கறுப்பருக்குக் கொடுத்தால் செலவு மிகுந்த பழக்கங்களைக் கற்றுக்கொண்டுவிடுவார்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. பல இடங்களில் நிவாரணப் பொருள்கள் பண்ணையாரிடமே ஒப்படைக்கப்பட்டன. அவருள் சிலர் தானமாக வந்த பொருளுக்கு விலைபோட்டுக் குடியானவன் கணக்கில் கடனாக எழுதிக்கொண்டார்கள்.

ஜூலை மாதத்தில் ஒரு நாள், இராமுழுதும் வேலை செய்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்த கறுப்பின மனிதர் ஒருவரை, மறுபடியும் வேலைக்கு வா என்று ஒரு போலீஸ்காரன் அழைத்தான். அவர் மறுத்தார். போலீஸ்காரன் அவரைச் சுட்டுவிட்டான், அவர் இறந்துபோனார். ஊர் கொந்தளித்தது. இளைய பெர்சி ஒரு மாதாகோவிலில் கறுப்பின மக்களைக் கூட்டிப் பேசினார். ஆறுதல் கூற அவர் வரவில்லை. வெள்ளையர் உங்களுக்குச் சோறுபோட்டு உழைத்தார்கள், நீங்களோ சோம்பேறிகளாக இருந்தீர்கள், உங்கள் சோம்பலால்தான் அந்த மனிதனைச் சுட நேர்ந்தது, கொலைப்பழி உங்களையே சேரும் என்ற பொருள்பட அவர் பேசியதை அவரே தம் நூலில் பதிந்திருக்கிறார். பிறகு ஆகஸ்டு முடிவில் பதவியை ராஜினாமா செய்துவிட்டு ஜப்பானுக்குப் பிரயாணமானார்.

இந்த இடத்தைப் படிக்கும் தமிழனுக்கு வைகைக் கரை நினைவுக்கு வராமல் போகாது. அங்கேயும் வெள்ளம், அங்கேயும் வீட்டுக்கு ஒரு பங்கு என்று அளந்துவிடப்பட்ட கரை, அங்கேயும் சோம்பேறி என்று குற்றம் சாட்டப்பட்ட ஒரு கூலியாள், அங்கேயும் ஓர் அடி. ஆனால் பாண்டியன் ஓங்கிய பிரம்பு கூலியாளின் முதுகில் பட்ட கணத்திலேயே அரசன் முதுகிலும் அரசி முதுகிலும் அமைச்சர் முதுகிலும் பட்டது என்று நம் புராணம் பேசுகிறது. கரைக்கு மண் சுமப்பவன்மேல் விழும் அடி எல்லார் முதுகிலும் விழவேண்டும் என்ற தர்மத்தை அந்தக் கதையைக் கட்டியவர்கள் அறிந்திருந்தார்கள். கிரீன்வில்லில் அடி ஒருவனோடு நின்றுவிட்டது.

இதே நாள்களில் ஆற்றின் கீழ்ப்பகுதியில் வேறொரு நிச்சயம் நிகழ்ந்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் பாங்க் அதிபர்களும் பெருவணிகர்களும் கூடி, நகரத்துக்கு ஆபத்து வராமலிருக்க, நகரத்துக்குக் கீழே கார்னார்வன் என்ற இடத்தில் கரையை வெடிவைத்துத் தகர்ப்பது என்று முடிவுசெய்து, லூயிசியானா கவர்னரின் உத்தரவையும் பெற்றுக்கொண்டார்கள். வெடிக்குப் பலியாக வேண்டிய செயின்ட் பெர்னார்டு, பிளாக்மின்ஸ் என்ற இரண்டு ஜில்லாக்களில் ஏறக்குறைய 10,000 பேர் வாழ்ந்தார்கள். சதுப்புநிலத்தில் நீரெலிகளைக் கண்ணிவைத்துப் பிடித்து, அவற்றின் ரோமத்தோலை விற்றுப் பிழைத்தவர்கள் அவர்களுள் பலர். கானரித் தீவுகளிலிருந்து முன்பு வந்து குடியேறிய ஏழை வெள்ளையர் சந்ததியாரும் அவர்களில் உண்டு. பூரண நஷ்டஈடு தருவதாக நகரத்துப் பெரியவர்கள் வாக்குக் கொடுத்தார்கள். ஏப்ரல் 29ஆம் தேதி முதல் வெடி வைக்கப்பட்டது; நகரத்துச் சீமான்கள் அனுமதிச்சீட்டுப் பெற்று வேடிக்கை பார்க்க வந்தார்கள். பத்து நாள்களில் 39 டன் டைனமைட் செலவாயிற்று. ஆனால் வெகு விரைவிலேயே மேற்பகுதியில் வேறு கரைகள் தாமாக உடைத்துக்கொண்டு ஆற்றின் மட்டத்தைத் தணித்துவிட்டபடியால், இந்த அழிவு அவசியமே இல்லை என்பது பிரத்தியட்சமாயிற்று. வாக்குக் கொடுத்த நஷ்டஈட்டில் பெரும்பாலோருக்குச் சிறு தொகையே கிடைத்தது. பலருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நிறம் ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடவில்லை என்பதற்கு இது சாட்சி. கிரீன்வில்லில் நிறம் என்ற உருவத்தில் நின்ற அதிகாரம், நியூ ஆர்லியன்ஸில் பணம் என்ற உருவத்தில் நின்றது. இரண்டு இடத்திலும் எதிர்த்துப் பேச இயலாதவன் பக்கமாகவே தண்ணீர் திருப்பப்பட்டது.

ஜனாதிபதி கூலிட்ஜ் வெள்ளப் பிரதேசத்தை வந்து பாருங்கள் என்று கவர்னர்களும் பத்திரிகைகளும் பன்முறை வேண்டியும் வரவில்லை. நிவாரணம் முழுவதும் செஞ்சிலுவைச் சங்கம் திரட்டிய ஏறக்குறைய 170 லட்சம் டாலர் நன்கொடையைக்கொண்டே நடந்தது. அதை நிர்வகிக்கும் பொறுப்பு வர்த்தக மந்திரி ஹெர்பர்ட் ஹூவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் திறமைசாலி, 154 முகாம்களில் 325,000 பேரைத் தங்கவைத்து உணவளித்த ஏற்பாட்டை அவருடைய திறமையின்றி நடத்தியிருக்க முடியாது. அந்த முகாம்வாசிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் கறுப்பின மக்கள். ஹூவரின் கீர்த்தி நாடெங்கும் பரவியது. அடுத்த வருஷத்து ஜனாதிபதித் தேர்தலை நோக்கி அவர் நடக்கலானார்.

ஆனால் முகாம்களில் நிகழும் கொடுமைகள் வெளியே கசிந்தன. சிகாகோ டிபெண்டர் என்ற கறுப்பினப் பத்திரிகை எழுதியது. அடிமையாகப் பிறந்து, தூக்கிலிடும் கும்பல்களுக்கு எதிராக வாழ்நாளெல்லாம் எழுதிய ஐடா வெல்ஸ் அம்மையார் அதில் எழுதினார். கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தைச் சேர்ந்த வால்டர் வைட் நேரில் சென்று விசாரித்து வெளியிட்டார். தேர்தலில் கறுப்பின வாக்குகள் வேண்டியிருந்த ஹூவர், டஸ்கீகி கல்வி நிலையத்தின் தலைவரான ராபர்ட் மோட்டனைத் தலைவராகக்கொண்டு ஒரு கறுப்பின ஆலோசனைக் குழுவை நியமித்தார். குழுவினர் கண்டதை எழுதினார்கள். ஹூவர் அவர்களை அடக்கி எழுதும்படி கேட்டுக்கொண்டார். கைம்மாறாக, திவாலான பண்ணைகளை வாங்கிச் சிறு நிலங்களாகப் பிரித்துக் கறுப்பினக் குடும்பங்களுக்குக் கொடுக்கும் திட்டம் ஒன்று இருப்பதாக நம்பிக்கையூட்டினார். அறுபது வருஷமாகக் கைக்கு எட்டாத நிலம் கிடைக்கும் என்ற ஆசையில் மோட்டன் மௌனம் சாதித்தார். குழுவின் கடுமையான கடைசி அறிக்கை ஜனங்கள் கண்ணில் படவில்லை. 1928 நவம்பரில் ஹூவர் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நிலம் வரவில்லை.

மௌனத்தை விலைக்கு விற்றவன் விலையையும் இழந்தான் என்று மோட்டனை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. தென்மாகாணங்களில் வாக்களிக்க முடியாத ஒரு ஜனசமூகத்துக்காக அதிகாரத்தின் வாசலில் நின்று பேச நேர்ந்தவர் அவர். கோபித்தால் வாசல் மூடிக்கொள்ளும். பணிந்தால் வாசலிலேயே நிற்கவேண்டியதுதான். 1932இல் அவர் ஹூவரை ஆதரிக்க மறுத்துவிட்டார். அடிமைகளை விடுவித்த லிங்கனின் கட்சி என்பதனால் குடியரசுக் கட்சியையே நம்பியிருந்த கறுப்பின வாக்காளர்கள், 1936இல் பெருவாரியாக ரூஸ்வெல்ட்டின் பக்கம் திரும்பினார்கள். அதற்குக் காரணங்கள் பல. மிசிசிப்பிக் கரையும் அவற்றுள் ஒன்று.

வாக்கில்லாதவர்கள் வேறு விதமாகத் தீர்ப்பளித்தார்கள். வெள்ளம் வடிந்தபின் டெல்டாவை விட்டு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ரயிலேறிச் சிகாகோவுக்கும் மற்ற வடக்கு நகரங்களுக்கும் போயின. எந்தப் பயத்தினால் பண்ணையார்கள் கப்பல்களைக் காலியாகத் திருப்பி அனுப்பினார்களோ, அந்தப் பயமே பலித்தது. அவர்கள் தடுத்துவைத்த காரணத்தினாலேயே அது விரைவாகப் பலித்தது என்று சொல்வதும் பிழையாகாது. போனவர்களும் இருந்தவர்களும் தங்கள் துயரத்தைப் பாட்டாகப் பாடினார்கள். சார்லி பேட்டன் என்ற டெல்டாப் பாடகரும், மெம்பிஸ் மின்னியும் அவர் கணவர் கன்சாஸ் ஜோ மெக்காயும், 1929இல் இசைத்தட்டில் பதித்த வெள்ளப் பாட்டுக்கள் இன்றும் கேட்கப்படுகின்றன. காவற்படை அதிகாரி எழுதாமல் விட்ட அறிக்கை என்று அவற்றைச் சொல்லலாம்.

கார்னார்வன் வெடியின் நினைவும் அழியவில்லை. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் கீழ் ஒன்பதாம் வட்டம் என்ற தாழ்வான பகுதியில், கறுப்பின உழைப்பாளர் குடும்பங்கள் மிகுந்து வாழ்ந்துவந்தன. 1965இல் பெட்ஸி என்ற புயலில் அந்தப் பகுதி மூழ்கியபோது, பணக்காரர் வட்டாரங்களைக் காப்பாற்றுவதற்காகக் கரையை வேண்டுமென்றே தகர்த்துவிட்டார்கள் என்று அங்குள்ள முதியவர்கள் நம்பினார்கள். 2005 ஆகஸ்டு 29ஆம் தேதி கத்ரீனா புயலில் அந்தப் பகுதி மறுபடியும் மூழ்கி, நகரத்தின் ஐந்தில் நான்கு பங்கு நீருக்குள் போனபோதும் அதே பேச்சு எழுந்தது. வெடிவைத்ததற்கு அத்தாட்சி எதுவும் இல்லை. அந்த நம்பிக்கை தவறு. ஆயினும் அதை அறியாமை என்று தள்ளிவிடுவது அதைவிடப் பெரிய தவறு. ஒரு முறை மெய்யாகவே வெடிவைக்கப்பட்ட ஊரில், அந்த ஓசை மூன்று தலைமுறைக்குக் கேட்கும்.

2005இல் நடந்தவை பலருக்கு நினைவிருக்கலாம். நகரத்தை விட்டு வெளியேறும்படி உத்தரவு வந்தது. சொந்தக் கார் இல்லாத லட்சத்துக்கு மேற்பட்டோர் எப்படிப் போவது என்பதற்கு ஏற்பாடு வரவில்லை. பிறகு, போகாமல் இருந்தது அவர்கள் குற்றம் என்று பேசப்பட்டது. சூப்பர்டோம் என்ற விளையாட்டரங்கில் பல்லாயிரம் பேர் மின்சாரமும் கழிப்பிட வசதியும் அற்றுக் கிடந்தபொழுது, அவர்களுக்குள் கொலையும் கற்பழிப்பும் மலிந்துவிட்டதாகப் பரபரப்பான செய்திகள் பரவின. பின்னர் விசாரித்ததில் அவற்றுள் மிகப் பெரும்பாலானவை பொய்யென்று தெரிந்தது. மார்பளவு நீரில் உணவு எடுத்துச்செல்லும் கறுப்பு இளைஞனின் புகைப்படத்தின் கீழே ஒரு நிறுவனம் 'கொள்ளையடித்து' என்று எழுதியது. அவ்வாறே எடுத்துச்செல்லும் வெள்ளையர் இருவரின் படத்தின் கீழே வேறொரு நிறுவனம் 'கண்டெடுத்து' என்று எழுதியது. செப்டம்பர் 1ஆம் தேதி, நகரத்தை விட்டு நடந்தே வெளியேற முயன்றவர்களை, பாலத்தின் மறுகோடியிலுள்ள கிரெட்னா ஊர்ப் போலீசார் துப்பாக்கியைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். செப்டம்பர் 4ஆம் தேதி, டான்ஸிகர் பாலத்தில் நியூ ஆர்லியன்ஸ் போலீசார் ஆயுதமற்ற கறுப்பின மக்கள்மேல் சுட்டு இருவரைக் கொன்றார்கள், நால்வரைக் காயப்படுத்தினார்கள். மேயர் கவர்னரையும், கவர்னர் மத்திய சர்க்காரையும், மத்திய சர்க்கார் அவ்விருவரையும் குற்றம் கூறிக்கொண்டிருந்த அந்த நாள்களில், கீழே நின்றவர்கள் மீண்டும் கரைமேல் நிறுத்தப்பட்டவர்களாகவே இருந்தார்கள்.

புயல் தணிந்தபின் நடந்த பொறியியல் விசாரணைகளில் ஓர் உண்மை துலங்கியது. நகரத்தின் வடிகால் கால்வாய்களை ஒட்டி எழுப்பியிருந்த கான்கிரீட் மதில்கள், நீர் தலைக்குமேல் வழிவதற்கு முன்பே சாய்ந்துவிட்டன. அடிமண் இளகியது, அதில் இறக்கியிருந்த எஃகுத் தகடுகள் போதிய ஆழம் போகவில்லை. ராணுவப் பொறியாளர் குழுவே 2006இல் தன் வடிவமைப்பில் பிழை இருந்ததை ஒப்புக்கொண்டது. 1926இல் ஆபத்தில்லை என்று உறுதி கூறிய அதே குழு. குற்றம் தெரிந்துவிட்டது, குற்றவாளியும் ஒப்புக்கொண்டாயிற்று, வீடிழந்தவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

இங்கே 1927 திரும்பி வந்தது. அந்த வெள்ளத்தின் விளைவாக 1928 மே மாதம் 15ஆம் தேதி ஜனாதிபதி கூலிட்ஜ் கையெழுத்திட்ட வெள்ளத்தடுப்புச் சட்டம் நன்மையும் செய்தது. 3,250 லட்சம் டாலர் செலவில் ஆற்றைக் காக்கும் பொறுப்பை மத்திய சர்க்கார் ஏற்றுக்கொண்டது. கரை மட்டும் போதும் என்ற கொள்கை ஒழிந்தது. நியூ ஆர்லியன்ஸுக்கு மேலே பானே காரே என்னுமிடத்தில், எல்லெட் எண்பது வருஷங்களுக்கு முன் கேட்ட கலிங்கு 1931இல் கட்டி முடிக்கப்பட்டது. ஆனால் அதே சட்டத்தில், எந்த இடத்திலும் வெள்ளத்தினாலோ வெள்ளநீரினாலோ நேரும் எந்தச் சேதத்துக்கும் அமெரிக்க சர்க்கார் எவ்விதப் பொறுப்பும் ஏற்காது என்ற ஒரு வாக்கியமும் சேர்க்கப்பட்டிருந்தது. 2008 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸ் மத்திய நீதிமன்றத்தின் நீதிபதி ஸ்டான்வுட் டுவால், பொறியாளர் குழுவின் அலட்சியத்தைக் கடுமையாகக் கண்டித்துவிட்டு, அந்த வாக்கியம் குறுக்கே நிற்பதால் தம்மால் பரிகாரம் அளிக்க இயலாது என்று சொல்லி, பதினேழாம் தெருக் கால்வாய் உடைப்பைப் பற்றிய வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

1927இல் கரைமேல் நின்றவர்களின் துன்பத்தினால் பிறந்த சட்டமே, 2005இல் நீரில் நின்றவர்களுக்கு நீதியின் கதவை அடைத்தது. அந்த வாக்கியம் இன்னும் சட்டப் புஸ்தகத்தில் இருக்கிறது.